முக்காலுக்கு முடிந்த வீடு

மனைவியின் உயிருக்கு எங்கள் கடைத்தெருவில் ஒரு தடவை இருபத்துமூன்று லட்சம் யென் விலை சொன்னார்கள். புருஷன் உயிருக்கும் அதே விலைதான். ஜோடியாக எடுத்தால் நாற்பத்தாறு. ஜோடிக்குத் தள்ளுபடி இல்லையா என்று கேட்டவர் ஊறுகாய்க்கடை கிசாபுரோ. கேட்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒசாகாக்காரனுக்கு ஆஸ்பத்திரியில் காலை எடுக்கணும் என்று சொன்னாலும், "ரெண்டையும் எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுவான்.

பக்கத்துக் கோபே நகரம் ஒரு விடியற்காலைப் பூகம்பத்தில் ஆடி விழுந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு எங்கள் தெருவிலும் சட்டி பானை உருண்டது. மீன்கடைக்காரரின் தராசு விழுந்து வளைந்தது. அதற்குப் பிறகு அது சரியாக எடை போட ஆரம்பித்துவிட்டது என்று நாங்கள் கேலி பேசினோம். வேறு சேதமில்லை. பத்து வருஷம் கழித்துத்தான் மாநகராட்சிக்கு எங்கள் மரவீடுகளின் ஞாபகம் வந்தது. வந்து பரிசோதிக்கிறோம், பழுது பார்த்தால் கொஞ்சம் பணமும் தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பரிசோதனைக்கு ஏறக்குறைய காசில்லை என்றதும் முதலில் கை தூக்கியவர் கிசாபுரோ. இலவசமாகக் கிடைக்கும் என்றால் பிரேதப் பரிசோதனைக்கும் பேர் கொடுப்பார் என்றாள் அவர் பெண்டாட்டி தொமியெ.

என்னுடையது எதிர்க்கடை. தேயிலை. எங்கள் தெருவில் யாரையும் பேர் சொல்லி அழைப்பதில்லை. தேயிலை, மீன், ஊறுகாய், செருப்பு என்று சரக்கின் பேர்தான். தொமியெ மட்டும் என்னைத் தேயிலைத் தம்பி என்பாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையை நான் பார்த்த அளவுக்கு என் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டு ஆள் கைவிரித்து நின்றாலும் எட்டாத அகலத்துக்குக் கடைவாசல் திறந்து கிடக்கும். முன்னால் மரத்தொட்டிகள் வரிசையாக இருக்கும். மழைக்காலம் தொடங்கினால் அவற்றில் நீர்க்கத்திரிக்காய் வரும். உருண்டையாக, கருநீலமாக, கையில் எடுத்து அழுத்தினால் தண்ணீர் சொட்டும் காய். அதை உப்பிட்ட தவிட்டுச் சேற்றில் புதைத்து ஒருநாள் ஊறவைத்து எடுப்பாள் தொமியெ. கத்தி படக்கூடாது, கையால் கிழிக்கவேண்டும். இஞ்சி துருவி மேலே போட்டு, பழைய சோற்றில் குளிர்ந்த தேநீரை ஊற்றி, கூட இதை வைத்துக்கொண்டால் ஜூலை வெயிலில் வேறொன்றும் இறங்காது. விடியுமுன்பே எழுந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, தவிட்டை அடியிலிருந்து புரட்டிவிடுவாள். ஒருநாள் தவறினால் புளித்துவிடும். அந்த வாசனை அவள் கையைவிட்டுப் போனதே இல்லை. திருவிழாவுக்குப் பட்டுடுத்தி வந்தாலும் கைகூப்பும்போது தெரிந்துவிடும்.

கிசாபுரோ மாடியில் படுப்பார். தொமியெ கீழே, கடைக்குப் பின்னாலிருந்த அறையில். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷக் கோடையில், மேலே காற்று வருகிறது என்று மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனவர். மகள் கல்யாணமாகி நகோயாவில் குடியேறிய பிறகும் இறங்கவில்லை. சண்டை ஒன்றுமில்லை. சண்டை இருந்தால் சமாதானம் பேசலாம். காற்றோடு என்ன பேசுவது?

பரிசோதிக்க வந்தவள் இசோபே என்ற முப்பது வயதுப் பெண். தோக்கியோப் பக்கத்துக்காரி. தலைக்கவசம் போட்டுக்கொண்டு தரைப்பலகையைத் தூக்கி அடியில் ஊர்ந்தாள், பரணில் ஏறினாள், சிலந்திவலையோடு இறங்கி வந்தாள். தொமியெ ஒரு கத்திரிக்காயைக் கிழித்து அவள் கையில் வைத்தாள். நான் தேநீர் கொண்டுபோனேன். விலை பேசுகிற இடத்தில் எங்கள் தெருவில் அக்கம்பக்கத்துக்காரன் நிற்கலாம், அது உரிமை.

"ஐயா, ஒன்னுக்கு மேல இருந்தா வீடு பெரும்பாலும் விழாது," என்றாள் இசோபே. "உங்க வீட்டுக்கு வந்திருக்கிற மார்க் புள்ளி நாலு."

"பத்துக்கா?"

"இல்லைங்க. ஒன்னுக்கு."

"அப்ப பாதி பாஸ்."

"இதுல பாதி பாஸ் கிடையாதுங்க. ஒன்னு வரைக்கும் கொண்டுபோகணும்னா நாற்பத்தாறு லட்சம் ஆகும்."

கிசாபுரோ தலைகுனிந்து, கழுத்தைத் தடவி, மூச்சை உள்ளிழுத்தார். எங்கள் ஊரில் பேரத்தின் முதல் படி அது. சொன்ன விலை நெஞ்சில் குத்திவிட்டது என்று அர்த்தம். எதிராளியும் உடனே தன் கஷ்டத்தைச் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை. தேநீரைக் குடித்தாள்.

"இங்க பாரும்மா," என்றார் கிசாபுரோ. "நீயும் தொழில் பண்ற, நானும் தொழில் பண்றேன். ஒன்னுன்னு சொல்ற. சொல்லவேண்டியதுதான். நான் புள்ளி ஆறுக்குக் கேக்கறேன். நடுவுல முடிச்சுக்குவோம்."

"ஐயா, இது விலை இல்லைங்க."

"விலை இல்லாதது எதும்மா இந்தத் தெருவுல?"

இசோபே யோசித்தாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு மீன்கடைக்காரர் தன் கடையிலிருந்தே கைதட்டினார். "புள்ளி ஏழுன்னு ஒரு படி இருக்கு. அதுக்கும் மாநகராட்சி உதவி உண்டு."

"எறங்கிட்டா!" என்றார் மீன்.

"நான் இறங்கலைங்க. அது வேற படி. ஒன்னுன்னா வீடு நிக்கும். புள்ளி ஏழுன்னா வீடு சாயும், ஒருவேளை அப்புறம் குடியிருக்க முடியாது. ஆனா சட்டுனு நசுங்காது. தவழ்ந்து வெளிய வர நேரம் கிடைக்கும்."

"எவ்வளவு நேரம்?" என்றாள் தொமியெ.

"அதுக்கு நான் உத்தரவாதம் தரமுடியாதும்மா."

புள்ளி ஏழை அன்றைக்கே எங்கள் தெருவில் முக்கால் என்று ஆக்கிவிட்டோம். எடையில் கொஞ்சம் தூக்கிச் சொல்வது எங்களுக்குப் பழக்கம். ஆனால் அந்த முக்காலுக்கும் கடைவாசலில் இரண்டு பக்கமும் சுவர் வேண்டும் என்றாள். கிசாபுரோவின் முகம் அப்போதுதான் நிஜமாகவே மாறியது.

"வாசல்லயா? ஏம்மா, எங்கப்பா சொல்வாரு, கடைக்கு வாய் குறுகினா வயிறும் குறுகும்னு. பின்னாடி எத்தனை சுவர் வேணும்னாலும் கட்டிக்க. ரெண்டு கூடவே கட்டு."

இசோபே மேஜைமேலிருந்த ஊறுகாய்ப் பரிசுப்பெட்டி ஒன்றை எடுத்தாள். ஒரு பக்கத்து அட்டையைக் கிழித்தாள். உள்ளங்கையை மேலே வைத்து லேசாகத் தள்ளினாள். திறந்த பக்கம் கோணிக்கொண்டு மடங்கியது. மற்ற மூன்று பக்கமும் அதன் பின்னால் சுருண்டு விழுந்தன. "பின்னாடி பத்துச் சுவர் கட்டினாலும் இப்படித்தான். இந்த வீட்டுல முதல்ல நொறுங்கப் போறது கடைவாசல்."

"பெட்டி நாப்பது யென்," என்றார் கிசாபுரோ.

ஒரு வாரம் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். மிதிவண்டியில் ஓட்டல்களுக்கு ஊறுகாய் கொண்டுபோகும்போதும் உதடு அசையும். பிறகு ஒரு சாயங்காலம் பொதுக் குளியலறையில், வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தபடி, எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தார்.

"நாப்பத்தாறு கேட்டாங்க. ஆறுல முடிச்சுட்டேன்."

எப்படி என்று கேட்டேன்.

"தேயிலை, ஒருத்தன் ஒரு பெட்டி விக்கிறான். கெட்டி மரத்துல. வீட்டுக்குள்ள ஒரு அறைக்குள்ள இன்னொரு அறை மாதிரி வச்சுக்கலாம். வீடு விழுந்தாலும் பெட்டி நிக்கும். அதை தொமி படுக்கிற அறையில வச்சுடறேன். கடைவாசலைத் தொடவேண்டாம்."

"நீங்க?"

"நான் மேலதானே? கோபேயில பாத்தோம்ல. கீழ்த்தளம்தான் நசுங்குச்சு, மேல இருந்தவன் அப்படியே எறங்கி நடந்து வந்தான். எனக்குச் செலவே இல்ல."

கைதட்டினோம். நானும் தட்டினேன். நாற்பது லட்சம் மிச்சம் பிடித்தவனுக்கு எங்கள் தெருவில் சிலையே வைப்பார்கள், சிலைக்குச் செலவு இல்லாதிருந்தால்.

மறுநாள் தொமியெ என் கடைக்கு வந்து கால்கிலோ வறுத்த தேயிலை கேட்டாள். அவள் வீட்டில் தேயிலை தீர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

"கேட்டியா தம்பி, எங்க முதலாளி எனக்குப் பெட்டி வாங்கித் தர்றாராம். உசுரோட இருக்கும்போதே."

"பத்திரமா இருக்கணும்னுதான்க்கா."

"பத்திரம்தான். ஊறுகாயையும் பத்திரமாத்தான் வைக்கிறோம். மூடி போட்டு, மேல கல்லு வச்சு." பையை மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் பெட்டிக்குள்ள பொழைச்சுக் கிடப்பேன். வெளிய அவரு என்ன ஆனாருன்னு சத்தத்தை வச்சுக் கண்டுபிடிக்கணும். அப்படி ஒரு உசுரு எனக்கு எதுக்கு, ஆறு லட்சம் குடுத்து?"

"மேல இருக்கறவங்களுக்கு ஆபத்து கம்மின்னு…"

"கம்மிதான். என் மேலதானே வந்து விழுவாரு. மெத்துனு இருக்கும். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அப்படியா தம்பி நாங்க ஒன்னா சேரணும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தேயிலைக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாள். பேரம் பேசவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலையில் என் ஷட்டரைத் தூக்கும்போது எதிரே தொமியெ தொட்டிகளுக்கு நடுவில் மெத்தையை மடித்துக்கொண்டிருந்தாள். கடைவாசலிலேயே படுத்திருக்கிறாள்.

"என்னக்கா இது?"

"காத்து வருது," என்றாள்.

தெரு முழுக்க அதைப் பார்த்தது. கிசாபுரோ முதல்நாள் கோபப்பட்டார், பைத்தியக்காரி என்றார். இரண்டாம் நாள் அவள் தலைமாட்டில் ஒரு கொசுவர்த்தி இருந்தது, அவர்தான் வைத்திருக்கவேண்டும். மூன்றாம் நாள் ஓட்டலுக்குப் போகவேண்டிய முள்ளங்கியை வேறு ஓட்டலில் கொடுத்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"மேல தூக்கம் வரல தேயிலை," என்றார் என்னிடம். "ஒவ்வொரு லாரி போறப்பவும் வீடு ஆடுது. இத்தனை வருஷம் இப்படித்தான் ஆடிச்சா?"

"ஆடியிருக்கும்ண்ணே. நீங்க குறட்டையில கவனிச்சிருக்க மாட்டீங்க."

"அவ வேணும்னே பண்றா."

"ஆமா."

"விலையை ஏத்தறா."

"ஏறுமா?"

மிதிவண்டியைச் சுவரில் சாத்தினார். அது சரிந்தது. நிமிர்த்தினார். மறுபடி சரிந்தது.

அந்த வாரக் கடைசியில் நான் கடை திறந்தபோது ஊறுகாய்க்கடை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. கத்திரிக்காய் வாங்க வந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நின்றார்கள். மீன்கடைக்காரர் விரலை உதட்டில் வைத்துச் சைகை செய்தார். குனிந்து பார்த்தேன். தொட்டிகளுக்கு நடுவில் இரண்டு மெத்தை. கிசாபுரோ அண்ணாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தொமியெ கண் திறந்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும், "நொறுங்குற இடத்துல ரெண்டு பேரும் படுத்தாச்சு. இப்ப செலவே இல்ல," என்றாள். பத்து மணிவரை அன்றைக்கு வியாபாரம் தொடங்கவில்லை. தவிடும் கொஞ்சம் புளித்துப்போனது என்று பிறகு சொன்னாள்.

அன்றைக்கே இசோபேயை மறுபடி வரவழைத்தார்கள். கிசாபுரோ இந்தத் தடவை மூச்சை உள்ளிழுக்கவில்லை.

"சுவர் வைக்கிறேன். ஆனா ரெண்டு பக்கம் முடியாது. ஒரு பக்கம் வைக்கிறேன். நீ எனக்கு என்ன குடுப்ப?"

இசோபே எழுத ஆரம்பித்து நிறுத்தினாள். "நான் எதையும் கொடுக்க முடியாதுங்க. வீடுதான் கொடுக்கணும். ஐயா, பரண்ல இருக்கிறது என்ன கல்லு?"

"ஊறுகாய் மேல வைக்கிற பாரக்கல்லு. குளிர்காலத்துக்குத்தான் வேணும். கோடையில மேல கிடக்கும்."

"அன்னைக்குப் பார்த்தப்பவே பயந்தேன். கூரையில ஓட்டுக்கு அடியில மண்ணு வேற பரப்பியிருக்கு, பழைய முறைப்படி. பூகம்பத்துல வீட்டைச் சாய்க்கிறது அதோட சொந்த பாரம்தான். தலையில பாரம் குறைஞ்சா காலுக்கு வேலை குறையும். கல்லை இறக்குங்க. மண்ணை எடுத்துட்டு லேசான கூரை போடுங்க. அப்ப வாசல்ல ஒரு பக்கத்துச் சுவர் போதுமான்னு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்."

கிசாபுரோவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அதாவது நான் பாரத்தைக் குறைச்சா நீ சுவரைக் குறைப்ப."

"வீடு குறைக்கும்."

"இந்தப் பேரம் எனக்குப் புரியுதும்மா. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையேங்க. ஒன்னைப் புள்ளி ஆறு ஆக்கச் சொன்னீங்க."

உட்கார்ந்து கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் மூன்றடிச் சுவர், புதுக் கூரை, உள்ளே இரண்டு இடத்தில் குறுக்குக்கட்டை. புள்ளி ஏழுக்கு ஒரு மயிரிழை மேலே வந்தது. இருபத்தோரு லட்சம். அதில் ஆறு லட்சம் மாநகராட்சி தரும்.

"இது சட்டப்படி போதும்," என்றாள். "ஆனா உண்மையைச் சொல்லணும்ல. எங்க அம்மா இந்த வீட்டுல இருந்தா நான் ஒன்னு வேணும்னு அடம்பிடிப்பேன்."

"உங்கம்மாகிட்ட நாப்பத்தாறு லட்சம் இருக்கா?" என்றாள் தொமியெ மெதுவாக.

"இல்லம்மா."

"அப்ப அவங்களும் முக்காலுக்குத்தான் முடிப்பாங்க. சாப்புடு."

இசோபே கத்திரிக்காயைச் சாப்பிட்டாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னொன்னு. மாடியில பாரம் எதுவும் வேண்டாம். ஐயா, நீங்க எத்தனை கிலோ?" என்றாள்.

"எழுபத்தெட்டு."

"அதுவும் பாரம்தாங்க."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, கணக்கில் நிஜமாகவே சேர்த்தாளா என்று எங்கள் தெருவில் வெகுநாள் வாதம் நடந்தது. தோக்கியோப் பக்கத்துக் கிழக்கத்திக்காரர்களுக்கு வேடிக்கை பேசத் தெரியாது என்பது மீனின் கட்சி. தொமியெ மட்டும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கல் இறக்கிய நாளை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மழை விட்டு வெயில் தொடங்கிய முதல் ஞாயிறு. மாடிப்படியில் ஆளுக்கொரு படியாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். ஆற்றுக்கல், வழவழவென்று உப்பேறியது. ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். செருப்புக்கடைக்காரர் ஒரு கல்லைக் காலில் போட்டுக்கொண்டு, கடையில் அவர் விற்கிற செருப்பின் தரத்தை முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். பிறகு கூரை மண். கூடை கூடையாகக் காய்ந்த செம்மண் வந்தது. கடைவாசலில் குவித்தபோது இவ்வளவையும் தலைமேல் வைத்துக்கொண்டா தூங்கினோம் என்று கேட்டுக் கூடைகளை எண்ண ஆரம்பித்தார் கிசாபுரோ. மத்தியானம் தொமியெ பனிக்கட்டித் தண்ணீரில் மெல்லிய நூல் சேமியாவைப் போட்டுக் கொண்டுவந்தாள். புழுதி முகத்தோடு தெருவில் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சினோம். கூலி என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு மூன்று கத்திரிக்காய், அவ்வளவுதான். அதிலும் மீன் நாலு கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் கடைசியாக இறங்கியது மெத்தை. கிசாபுரோ தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவே பார்த்தது. யாரும் கேலி பேசவில்லை. அதுவும் ஒரு அதிசயம்.

அந்த மூன்றடிச் சுவரோடு கடைக்கு ஒரு தொட்டி குறைந்தது. முதலில் வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு அதில் மிதிவண்டியைச் சாத்தப் பழகிக்கொண்டார்கள்.

பூகம்பம் வரவில்லை. நாலு குளிர்காலம் கழித்து ஒரு பனிக்கால விடியலில் தொமியெ திடுக்கிட்டு விழித்தாள். எதற்கு விழித்தோம் என்று அவளுக்கே முதலில் தெரியவில்லையாம். பிறகுதான் புரிந்தது, பக்கத்து மெத்தையில் குறட்டை நின்றிருந்தது. கிசாபுரோவின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கதவைத் தட்டி என்னை எழுப்பினாள், ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். இடது கை வரவில்லை, நாக்கு வந்துவிட்டது. வலது கையால் தவிடு புரட்டவும், வந்தவர்களிடம் சண்டை போட்டு விலை பேசவும் அது போதுமாயிருந்தது. அதற்கு மேல் ஆறு வருஷம் இருந்தார்.

இப்போது பொதுக் குளியலறையை இடித்துவிட்டு அங்கே மோட்டார் வண்டி நிறுத்துகிறார்கள். மீன்கடை ஷட்டர் ஏறுவதில்லை. தொமியெ மட்டும் பாதிச் சரக்கோடு கடை வைத்திருக்கிறாள். கிசாபுரோவின் முதலாண்டுத் திதி கழிந்த மறுநாள் நான் தேநீர் கொண்டுபோனபோது அவள் மணிச்சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"வா தம்பி. கூட்டிப் பாக்கறேன், கோணலாவே நிக்குது. சொல்லு. கூரைக்கும் சுவருக்கும் எங்க கைக்காசு பதினஞ்சு லட்சம்." மணிகளைத் தள்ளினாள். "ஒரு தொட்டி போனதுல வருஷம் ஒரு லட்சம்னு வை. பதினோரு வருஷம். பதினொன்னு. மொத்தம் இருபத்தாறு போச்சு."

"சரிக்கா."

"பூகம்பம் வந்து அதுல கழிச்சுக் குடுத்தது?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்ல. அப்ப இருபத்தாறு லட்சம் நட்டம்." விரல் சட்டத்தின்மேல் நின்றது. "இந்தப் பக்கம் அவரு ஒரு ஆறு வருஷம் இருக்காரு. அதை எங்க எழுதுறது?"

"வரவுல எழுதுங்கக்கா."

"வரவுல எழுதினா வரிக்காரன் வந்து நிப்பான்." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், தவிட்டு வாசனை வந்தது. பிறகு மணிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, யாருக்கோ பதில் சொல்வதுபோல, சத்தமாகவே படித்தாள். "செலவு இருபத்தாறு லட்சம், தீர்ந்தது. ஆறு வருஷம், கடன். குடுத்தவன் பேரு தெரியல. பாக்கி நிக்குது."